இலவச ஸ்கேனர் வருகிறதா? பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி

எந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வெளிநாட்டு உதவியில் கன்டெய்னர் ஸ்கேனர், அதாவது சரக்குப் பெட்டியைத் திறக்காமலே சோதிக்கிற எந்திரம், வந்தாலும் பேப்பரில் வருகிற படம் ஒன்றுதான். ரிப்பன், கத்தரிக்கோல், ஒரு தூதர், ஒரு அமைச்சர், பின்னால் புதுப் பெயின்ட் மின்னுகிற எந்திரம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், ஆனால் இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்குத் தீனி போடப் போவது நாம்தான்.

தமிழ்நாடு, கேரள எல்லையில் பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் கிளியரிங் வேலை, அதாவது சுங்கத்தில் சரக்கை விடுவிக்கிற வேலை, பார்க்கிறவன் நான். அண்டிப்பருப்பு (முந்திரி) அனுப்புகிற அண்ணாச்சி, தும்பு (தேங்காய் நார்) ஏற்றுகிறவர்கள், சங்கத்து ஆட்கள் என்று இதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நம் சரக்குக்கும் வெளிநாட்டு உதவிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் பார்த்துவிடலாம். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஏறுகிற பெட்டிகளில் கணிசமானவை கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகின்றன. அமெரிக்கா 2002 ஜனவரியில் கன்டெய்னர் செக்யூரிட்டி இனிஷியேட்டிவ் என்று ஒன்றைத் தொடங்கியது. தன் நாட்டுக்கு வருகிற பெட்டியைத் தன் கரையில் பார்க்காமல், கப்பல் ஏறுகிற இடத்திலேயே பார்த்துவிடுவது என்பது ஏற்பாடு. கொழும்பில் அது 2005ல் செயல்பாட்டுக்கு வந்தது. 2003ல் அமெரிக்க எரிசக்தித் துறை மெகாபோர்ட்ஸ் என்ற இன்னொரு திட்டத்தைத் தொடங்கி, கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடிக்கிற வாயில்களைப் பல நாடுகளுக்குத் தன் செலவில் கட்டிக் கொடுத்தது, கொழும்பும் அந்த வரிசையில் உண்டு. ஆக மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் ஏற்றின தும்பு, அவருக்கே தெரியாமல் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. 2025 மே 2ல் திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி தொடங்கிய பிறகு, பெட்டி மாற்றுகிற தொழிலே நம் வாசலுக்கு வந்துவிட்டது.

இந்தியாவுக்குள் கதை கொஞ்சம் வேறு. 2003லேயே சின்னச் சின்ன நாடுகளிடமிருந்து நேரடி உதவி வாங்குவதில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்து, ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மாதிரி ஒரு சிலரோடு நிறுத்திக்கொண்டது. 2018 வெள்ளத்தின்போது வெளிநாட்டு அரசுகளின் பணம் வேண்டாம் என்று டெல்லி சொன்னதும், அதை வைத்துக் கேரளத்தில் நடந்த சண்டையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் இங்கே உதவி என்ற பெயரில் வருவது குறைவு. கொடுக்கிற இடத்தில்தான் நாம் அதிகம் இருக்கிறோம்: நேபாளத்தில் பிர்கஞ்ச், பிராட்நகர், நேபாள்கஞ்ச் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடிகள் மூன்றும் இந்திய மானியத்தில் கட்டியவை. இலங்கையிலோ கம்போடியாவிலோ இருந்து இதைப் படிக்கிற தமிழர்களுக்கு நான் சொல்லப்போவது இன்னும் நேரடியாகப் பொருந்தும்.

சரி, பார்ப்பது எப்படி?

முதலில் பணத்தின் சாதியைக் கண்டுபிடியுங்கள். "உதவி" என்று செய்தியில் வருவது மானியமாக இருக்கலாம், வட்டி குறைந்த கடனாகவும் இருக்கலாம். கடன் என்றால் அது இலவசமே இல்லை, தவணை முறையில் வாங்கின பொருள். மானியம் என்றாலும் யாரிடம் வாங்க வேண்டும் என்ற கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் மானியத்தில் முதன்மை ஒப்பந்தக்காரர் ஜப்பானிய நிறுவனமாக இருப்பது வழக்கம். சீன எக்சிம் வங்கியின் (ஏற்றுமதி இறக்குமதி வங்கி) சலுகைக் கடனில் ஒப்பந்தக்காரர் சீன நிறுவனம், பொருளிலும் பாதிக்குக் குறையாமல் சீனாவில் வாங்க வேண்டும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எந்த நாடும் தன் தொழிற்சாலையை மறந்துவிட்டு அடுத்தவனுக்கு உதவுவதில்லை. ஆனால் கட்டு இருந்தால் உதிரிபாகமும் அந்த ஒரே கடையில்தான் என்பதை ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கே புரிந்துகொள்ள வேண்டும்.

இதில் அரசியலும் வந்து நுழையும். சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலிருந்து 1997ல் கிளம்பின நியூக்டெக் கம்பெனியின் ஸ்கேனர்கள் உலகத்தில் எத்தனையோ துறைமுகங்களில் நிற்கின்றன. 2020 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகத் துறை அந்தக் கம்பெனியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கப் பாகங்களை அதற்கு விற்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். எங்கோ இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டால் மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில் ஒரு சர்க்யூட் போர்டுக்காகக் காத்திருக்க நேரலாம்.

அடுத்தது, எந்த எந்திரம்? ஸ்கேனர் என்ற ஒரே பெயரில் நாலு வேறு சரக்கை விற்கிறார்கள்.

பெரிய எக்ஸ்ரே ஸ்கேனரில் லினாக் என்கிற முடுக்கி இருக்கும். 6 எம்.இ.வி. (கதிரின் சக்தியை அளக்கிற அலகு) சக்தி உள்ளது சுமார் 300 மில்லிமீட்டர் எஃகைத் தாண்டிப் படம் காட்டும். சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். காமா ஸ்கேனர் அப்படி இல்லை. உள்ளே கோபால்ட்-60 அல்லது சீசியம்-137 இருக்கும், அதை அணைக்கிற சுவிட்ச் உலகத்தில் கிடையாது, கவசத்துக்குள் மூடி வைக்கத்தான் முடியும். கோபால்ட் ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகிவிடும், படமும் அதோடு மங்கும். அப்போது புதுக் கதிர் மூலம் வாங்க வேண்டும், பழையதை யார் திரும்ப எடுத்துக்கொள்வது என்பது தனிக் கேள்வி. இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்ததைப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் கோபால்ட்-60 வெளியே வந்து ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அது துறைமுக எந்திரம் இல்லை, டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவி. ஆனால் பாடம் அதேதான். காமா எந்திரம் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மூலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் இல்லாத வரைக்கும் நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்றாவது, கதிரியக்க வாயில். இது கதிர் எதையும் பாய்ச்சாது. லாரி நடுவில் போகும்போது சரக்கிலிருந்து வருகிற கதிரை எண்ணும், அவ்வளவுதான். இது படம் காட்டாது, தங்கமோ கஞ்சாவோ இருந்தால் இதற்குத் தெரியாது. மெகாபோர்ட்ஸ் கொடுத்தது இந்த வகை. அணு ஆயுதப் பொருள் கடத்தல் அமெரிக்காவின் கவலை, சிகரெட் கடத்தல் கொழும்பின் கவலை, கொடுக்கிறவர் முதலில் தன் கவலைக்குத்தான் மருந்து கொடுப்பார். நாலாவது, துணியால் தேய்த்து வெடிமருந்து, போதைப்பொருள் துகளைப் பார்க்கிற சின்னக் கருவி. விலை குறைவு, கைக்கு அடக்கம், ஆனால் அந்தத் துணி தீர்ந்த அன்றைக்கு மேஜை மேல் பேப்பர் பறக்காமல் வைக்க உதவும்.

கதிரியக்க வாயிலைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. தப்பே இல்லாத சரக்கும் அதில் அலாரம் அடிக்கும். பொட்டாஷ் உரம், டைல்ஸ், கிரானைட் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு. மணவாளக்குறிச்சியிலிருந்து சவறை வரைக்கும் நம் கடற்கரை மண்ணில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதனால் வாயில் மட்டும் போதாது, அடித்த அலாரம் எதனால் என்று பிரித்துச் சொல்கிற கைக்கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் கூடவே வர வேண்டும். பட்டியலில் வாயில் இருந்து கைக்கருவி இல்லையென்றால் டைல்ஸ் லாரி ஒவ்வொன்றும் ஓரமாக நிற்கும்.

இனிதான் முக்கியமான விஷயம், நாலாவது வருஷம்.

ஏன் நாலாவது? மெகாபோர்ட்ஸ் திட்டத்தில் எந்திரம், பொருத்துதல், பயிற்சி, அப்புறம் ஏறத்தாழ மூன்று வருஷப் பராமரிப்பு வரை அமெரிக்காவின் செலவு, அதற்குப் பிறகு அந்தந்த நாட்டின் பொறுப்பு. உதவித் திட்டங்களில் இந்த அமைப்பு சாதாரணம். 100 துறைமுகம் என்று திட்டம் போட்டு, 2012 ஆகஸ்ட் வரை 31 நாடுகளில் 42 துறைமுகங்களை முடித்திருந்தார்கள், செலவு சுமார் 85 கோடி டாலர். பிறகு பட்ஜெட்டை வெட்டினார்கள். கொடுக்கிற நாட்டில் மனசு மாற ஒரு தேர்தல் போதும், எந்திரமோ பத்துப் பதினைந்து வருஷம் அங்கேயே நிற்கப் போகிறது.

ஒப்படைப்புக் கடிதம் கிடைத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். "ஒப்படைத்த பின் இயக்கம், பராமரிப்பு, உதிரிபாகம் ஆகியவை பெறும் தரப்பைச் சாரும்" என்கிற மாதிரி ஒரு வரி அங்கேதான் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிக்கு விலை போட்டுப் பாருங்கள். எந்திரம் 20 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தை அதில் 10 சதவீதம் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம், 2 கோடி. பத்து வருஷத்தில் முதல் மூன்று போக, ஏழு வருஷத்துக்கு 14 கோடி. இதில் கரன்ட் பில் இல்லை, ஆள் சம்பளம் இல்லை. இந்த 2 கோடி துறையின் எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது, ஏனென்றால் எந்திரம் இலவசமாக வந்ததால் அது பட்ஜெட் வழியாக வரவே இல்லை, பட்ஜெட் வழியாக வராத பொருளுக்குப் பட்ஜெட்டில் தீனி ஒதுக்கவும் யாருக்கும் ஞாபகம் வராது. எந்திரம் நின்றுபோவதற்குப் பல நேரம் காரணம் பழுது இல்லை, இந்தத் தலைப்பு இல்லாததுதான்.

அப்புறம் நம் கடற்கரை. உப்புக் காற்று, ஜூன் மாதம் தொடங்கினால் விடாத மழை, ஏற்ற இறக்கமான மின்சாரம். லினாக்குக்குக் குளிரூட்டி வேண்டும், படம் பார்க்கிற அறைக்கு ஏ.சி. வேண்டும், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் வேண்டும். உள்ளே மேக்னெட்ரான் என்று ஒரு பாகம், அதற்கு ஆயுள் உண்டு, தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். இவையெல்லாம் கொடுக்கிற பட்டியலில் இருக்கின்றனவா, எத்தனை ஸ்பேர் வருகிறது, ஆள் எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், மாதத்தில் எத்தனை சதவீத நேரம் எந்திரம் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அபராதம் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். "தகுந்த நேரத்தில்" என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் நேரமே இல்லை என்பதுதான்.

எங்கள் தொழிலிலிருந்து ஒரு சின்னத் தகவல். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் பணம் போடுகிற, இந்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டத்துக்கு வருகிற பொருளுக்கு 1997ன் 84 எண் சுங்க அறிவிப்பில் வரிவிலக்கு உண்டு. அதற்குத் திட்டத்தின் பெயரில் சான்றிதழ் வேண்டும், மேலே ஒரு மூத்த அதிகாரியின் ஒப்பமும் வேண்டும். திட்டக் கணக்கை மூடின பிறகு அந்தச் சான்றிதழுக்கு யாரிடம் போவீர்கள்? அதனால் தேய்கிற பாகங்களை முதல் ஷிப்மென்டிலேயே சேர்த்து வரவழைத்துவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் வருகிற மேக்னெட்ரானுக்கு வரி கட்டி எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பணத்துக்கும் தலைப்பு தேட வேண்டும்.

எக்ஸ்ரே எந்திரம் இந்தியாவில் வைப்பதென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று தகுதி பெற்ற ஒருவர் அங்கே வேண்டும், பொதுமக்கள் மேல் விழுகிற கதிர் வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டை (உடம்பில் படுகிற கதிரின் அலகு) தாண்டக் கூடாது. டிரைவர்கள் பயப்படுகிறார்கள் என்பதால் சொல்கிறேன், இறங்கச் சொன்னால் இறங்குங்கள், இறங்க வேண்டாத வகை எந்திரம் என்றால் அதையும் போர்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எந்திரத்தை விடப் படம் பார்க்கிற ஆள் முக்கியம். இரட்டைச் சக்தி எக்ஸ்ரேயில் மரம், துணி, உணவு மாதிரியான பொருள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், இரும்பு நீலம், நடுவில் உள்ளவை பச்சை. தும்பு ஏற்றின பெட்டி முழுக்க ஒரே ஆரஞ்சுப் பாயாக இருக்கும். அதற்கு நடுவில் செம்மரக்கட்டை இருந்தால் அதுவும் ஆரஞ்சுதான்! ஆனால் கொஞ்சம் அடர்த்தி, ஓரம் நேர்க்கோடு, பேல் அடுக்கின வரிசை அந்த இடத்தில் உடையும். அதைப் பிடிக்கிறது கண்தான், நூற்றுக்கணக்கான தும்புப் பெட்டிப் படங்களைப் பார்த்துப் பழகின கண். இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளிநாடு போய் வந்த அதிகாரியை அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் அந்தப் பயிற்சியும் அவரோடு போய்விட்டது. ஐரோப்பிய விமான நிலைய விதியில் ஒருவர் தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல் எக்ஸ்ரே படம் பார்க்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்வோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவே 2007ல், தனக்கு வருகிற எல்லாப் பெட்டியையும் 2012க்குள் வெளிநாட்டிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது, பிறகு கெடுவைத் தள்ளித் தள்ளியே வைத்தது. எதைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது, இந்தியச் சுங்கத்தில் அதற்கு 2005லிருந்து ஆர்.எம்.எஸ். என்ற, சந்தேகமான சரக்கைத் தேர்ந்தெடுக்கிற கணினி ஏற்பாடு இருக்கிறது. எந்திரம் கேட்கிற நாட்டில் அந்த மாதிரி ஏற்பாடு இல்லையென்றால் முதலில் அதற்கு உதவி கேட்பது நல்லது என்பது என் கருத்து, அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் கேளுங்கள். மெகாபோர்ட்ஸில் அந்தக் கருவியால் கதிரியக்கப் பொருள் பிடிபட்டால் தகவலைப் பகிர வேண்டும் என்பது நிபந்தனை. அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நம் சரக்குப் படம் எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை நாள், வெளியிலிருந்து ரிப்பேர் செய்ய இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா என்பது வியாபார ரகசியம் சம்பந்தப்பட்டது.

இதையெல்லாம் எங்கே கேட்பது? ஒவ்வொரு சுங்க ஆணையரகத்திலும் நிரந்தர வர்த்தக வசதிக் குழு என்று ஒன்று கூடுகிறது, பி.டி.எஃப்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஏற்றுமதியாளர் சங்கமோ கஸ்டம்ஸ் புரோக்கர் சங்கமோ அதில் பேசலாம். துறைமுகம், பயிர்ப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு என்று மற்ற துறைகளும் சேர்ந்தது என்றால் சி.சி.எஃப்.சி. (சுங்க விடுவிப்பு வசதிக் குழு) கூட்டம். எழுத்தில் கொடுங்கள், வாயால் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்று முடிந்துவிடும்.

அங்கே கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். எந்திரம் எதைக் கண்டுபிடிக்கும், எப்படிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள், மறுக்க இடமும் உண்டு. எனவே பணத்தையும் நேரத்தையும் மட்டும் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இந்தத் துறைமுகத்தில் உள்ள கன்டெய்னர் ஸ்கேனர் நிறுவப்பட்ட தேதி, அதற்கான நிதியின் மூலம், உத்தரவாதக் காலம் முடியும் தேதி, கடந்த மூன்று நிதியாண்டுகளில் பராமரிப்புக்குச் செலவான தொகை மற்றும் கணக்குத் தலைப்பு, மாதவாரியாக எந்திரம் இயங்காத மணிநேரம்." மறுப்பு வந்தாலோ பதிலே வராவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்கு மத்திய அலுவலகங்களில் கட்டணம் கிடையாது.